ஒரு பாலத்தைத் தூக்கிக்கொண்டு

பட்டினப்பாக்கம் மீன்கடைகளைத் தாண்டி நடந்துகொண்டிருந்தேன். தலையில் மூன்றடி நீளப் பெட்டி. பஸ்ஸிலிருந்து இறக்கிவிடப்பட்டு ஐந்து நிமிடம்தான் ஆகியிருந்தது. கண்டக்டரைக் குறை சொல்ல முடியாது. பெட்டியின் மூலை ஒரு பெண்ணின் தோளில் இரண்டாவது தடவை இடித்ததும், "அண்ணே, இதுக்கு ஒரு வண்டி பிடிச்சுக்குங்க" என்று மரியாதையாகச் சொல்லி, நானும் பெட்டியும் பத்திரமாகத் தரை சேரும்வரை விசில் ஊதாமல் நின்றார். இலங்கையில், எங்கள் ஹட்டன் பஸ்ஸாக இருந்தால் பெட்டியைக் கூரையில் கட்டி, அதன்மேல் இரண்டு மூட்டை கோவாவையும், அதாவது முட்டைக்கோஸையும், ஏற்றியிருப்பார்கள்.

பெட்டிக்குள் ஒரு பாலம் இருந்தது. விமான நிலையத்தில் அதிகாரி கேட்டபோதும் அதைத்தான் சொன்னேன்.

"பெட்டியில என்ன?"

"பாலம், சார்."

அவர் என்னைப் பார்த்தார், கடவுச்சீட்டைப் பார்த்தார், திறக்கச் சொன்னார். ஏழு வளைவுகள். கீழே தேயிலை மலை. மேலே தண்டவாளம். அடுத்த மேசையிலிருந்த இன்னொரு அதிகாரியையும் கூப்பிட்டுக் காட்டினார். "ரயில் போகுமா?" என்று கேட்டார். "போகணும்னுதான் கொண்டு வந்திருக்கேன்" என்றேன். நான்கு திருகாணிகளையும் அவரே திரும்ப முடுக்கிக் கொடுத்தார். வேறெதுவும் கேட்கவில்லை.

பாலத்தைக் கட்டியவர் என் முதலாளி. ஹட்டனில் ஆறு அறை கொண்ட ஒரு தங்குவிடுதி வைத்திருக்கும் சிங்களவர். பழைய ஸ்டேஷன் மாஸ்டர். நான் அவரை மாத்தையா என்றுதான் கூப்பிடுவேன்; சிங்களத்தில் ஐயா. அங்கே சமையல்கட்டில் எனக்கு நான்கு வருட வேலை. என் வாழ்க்கையில் ஒரே இடத்தில் அவ்வளவு காலம் இருந்தது அதுதான். அதற்கு முன்னால் ரயிலில் வடை விற்றேன், கொழும்புத் துறைமுகத்தில் மூட்டை தூக்கினேன், மஸ்கட்டில் ஒரு தொழிலாளர் முகாமில் முந்நூறு பேருக்குச் சோறு வடித்தேன். படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி.

ஓய்வுபெற்ற பிறகு மாத்தையா பின்னறையில் சின்ன ரயில் செய்ய ஆரம்பித்தார். சென்னையில் அவரைப் போன்றவர்களின் கூட்டம் ஒன்று இருப்பது போனில் தெரியவந்தது. ஆளுக்கு ஒரு பலகை; அவரவர் பலகையில் அவரவர் ஊர். மாதம் ஒருமுறை எல்லாப் பலகைகளையும் வரிசையாகச் சேர்த்து ஒரே ரயிலை ஓட்டுவார்கள். வருடத்துக்கு ஒரு தடவை ஊர் ஜனங்களைக் கூப்பிட்டுக் காட்டுவார்கள். மாத்தையா தன் பாலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டி, வளைவு வளைவாகப் படம் அனுப்புவார். படம் எடுப்பது நான். அங்கிருந்து போனில் கைதட்டும் பொம்மைகள் வரும். மூன்று வருடம் இப்படியே போனது.

அதற்குள் சர்க்கரை அவருடைய இடது கண்ணை எடுத்துவிட்டது. வலது கண்ணுக்குள்ளும் ரத்தம் கசிய ஆரம்பித்தது. திங்கட்கிழமை கண்டியில் ஆபரேஷன். பார்வை நிற்கலாம், போகவும் செய்யலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை சென்னையில் அந்த வருடாந்தரக் காட்சி. இடையில் இருப்பது ஒரே ஓர் இரவு.

"எனக்குப் பாலத்தைக் காட்ட வேண்டாம்," என்று நான் கிளம்பும்போது மாத்தையா சொன்னார். "அதை மூன்று வருடம் பார்த்திருக்கிறேன். ரயில் அதன்மேல் வரும்போது எதிரே நிற்கிறவர்களின் முகத்தைப் போனில் காட்டு. அது போதும்."

அதற்காகத்தான் வந்தேன்.

*

"இன்னா அண்ணாத்தே, கட்டிலைக் கயட்டி எடுத்துகினு போறியா?"

கடைசி மீன்கடையில் உட்கார்ந்திருந்த அம்மாள் கேட்டார். பாலம் என்றேன்.

"பாலமா? எந்த ஆத்துக்கு?"

சாந்தோமில் ஃப்ளோரா டீச்சரிடம் சேர்க்க வேண்டும், பொம்மை ரயில் விஷயம் என்று சொன்னதும் அவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். "அய்ய, அந்தக் கும்பலா? எங்கண்ணன் மவன் குமாரு அதுலதான் கெடந்து சீரழியறான். வயசு முப்பத்தஞ்சு ஆவுது. குந்து, வருவான்."

தனம் அத்தை என்று எல்லோரும் கூப்பிட்டார்கள். நானும் அப்படியே கூப்பிட ஆரம்பித்தேன். தட்டில் சோறும் சங்கரா மீன் குழம்பும் வந்தன. எங்கள் ஊரில் தேங்காய்ப் பாலில் மீனைத் தூங்க வைப்பார்கள். இங்கே புளியில் எழுப்பி உட்கார வைத்திருந்தார்கள். சாப்பிட்டு முடிப்பதற்குள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அத்தை அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு இன்னொரு துண்டு போட்டார்.

குமார் குட்டியானை ஓட்டுகிறவர். சின்ன லோடு வண்டிக்கு இங்கே அதுதான் பெயர். அவர் குடும்பம் முன்பு கால்வாய்க் கரையில் இருந்தது. கரையைச் சுத்தம் செய்கிறோம் என்று பெரும்பாக்கத்து அடுக்குமாடிக்கு அனுப்பிவிட்டார்கள். லோடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் தினம் பெருங்குடி வழியாக இங்கே வந்துவிடுகிறார். பெட்டியை வண்டியில் ஏற்றும்போது ஒரு குழந்தையைப் படுக்க வைப்பதுபோல் அடியில் சாக்கு விரித்தார்.

"அந்தப் பாலமா? ஏயு வளைவு? நானு ஒவ்வொரு போட்டோவும் பெருசு பண்ணிப் பார்ப்பேன், அண்ணாத்தே. அந்த மண்ணு இன்னா மண்ணு?"

"மண் இல்ல. வடிச்ச தேயிலை. காயவச்சு சலிச்சது. அது என் வேலை."

குமார் ஸ்டியரிங்கை விட்டுவிட்டு எனக்குக் கை கொடுத்தார். முன்னால் போன ஆட்டோ மயிரிழையில் தப்பியது.

அன்று படுக்க இடம் வலை வைக்கும் கொட்டகையில் கிடைத்தது. கொசு உண்டு. கடல் காற்றும் உண்டு. ஒன்று கடித்தால் மற்றது ஊதிவிடும். இதைவிட மோசமான இடங்களில் வருடக் கணக்கில் படுத்திருக்கிறேன்.

*

மறுநாள் வெள்ளிக்கிழமை. சாந்தோமில் ஒரு பள்ளிக்கூடத்தின் பழைய ஹால். ஃப்ளோரா டீச்சர் அங்கே பிசிக்ஸ் நடத்துகிறார். ஐம்பது வயதிருக்கும். கழுத்தில் சின்னச் சிலுவை, சேலை இடுப்பில் ஒரு ஸ்குரூ டிரைவர். சுவரோரமாக மேசைகள், அவற்றின்மேல் பலகைகள். ஒன்றில் சாந்தோம் கடற்கரை. ஒன்றில் குமாரின் கால்வாய்க் கரை: குடிசைகள், கொடியில் நிஜ லுங்கித் துண்டுகள், மேலே தூண்களில் போகும் ரயில்பாதை. இன்னொன்றில் மயிலாப்பூர் ஸ்டேஷன், அதற்குப் பின்னால் ஒன்றரை அடி உயரத்துக்கு வரைந்த மாலை வானம். அந்த வானத்தை விட்டு நகர எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"எட்டு மாசம் ஆச்சு," என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. ராமநாதன் சார். பாங்க் உத்தியோகத்திலிருந்து ஓய்வுபெற்றவர், மயிலாப்பூர்க்காரர், இஸ்திரி போட்ட அரைக்கைச் சட்டை. "மேகம் மட்டும் நாலு தரம் அழிச்சேன்."

நான் பெட்டியைத் திறந்தேன். டீச்சர், சார், குமார் மூன்று பேரும் குனிந்தார்கள். டீச்சர் ஒரு விரலால் தேயிலைச் சரிவைத் தொட்டு, விரலை முகர்ந்து பார்த்துச் சிரித்தார். அந்த நிமிடத்தை மாத்தையாவுக்குக் காட்டியிருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது.

பிறகு டீச்சர் ஓர் அளவுக் கட்டையை எடுத்துவந்தார். புதுப் பலகை எது வந்தாலும் அதன் ஓரத்தில் இதை வைத்துப் பார்ப்பார்களாம். ஜனங்கள் நிற்கும் பக்கம்தான் முன்பக்கம். முன்விளிம்பிலிருந்து தண்டவாளம் சரியாக நான்கு அங்குலத்தில் வர வேண்டும். அப்போதுதான் பலகைக்குப் பலகை ரயில் தாண்டும்.

கட்டை பொருந்தவில்லை. எங்கள் பலகையில் தண்டவாளம் பின்விளிம்பிலிருந்து நான்கு அங்குலத்தில் இருந்தது.

"திருப்பிப் போடுங்க," என்றார் குமார். திருப்பினோம். தண்டவாளங்கள் ஒன்றையொன்று முத்தமிட்டதுபோல் சேர்ந்தன. ஆனால் பாலத்தின் முகமும் தேயிலை மலையும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தன. ஜனங்கள் பக்கம் வெறும் ஒட்டுப்பலகை, வழிந்து காய்ந்த பசை, ஓட்டையை மறைக்க மாத்தையா ஒட்டிய ஒரு லாட்டரிச் சீட்டு.

"பாவம்," என்றார் டீச்சர் மெதுவாக. "கண்ணு சரியா தெரியாம பண்ணியிருக்கார். படத்துல எல்லாம் வளைவு மட்டும்தானே தெரிஞ்சது, ஓரம் எதுலயும் விழலை."

"ஆமா, பாவம்," என்றார் ராமநாதன் சார்.

நான் பெட்டியின் நான்கு திருகாணிகளையும் எண்ணி எடுத்துவைத்தேன்.

மூன்று வருடத்துக்கு முன்னால் மாத்தையா இவர்கள் அனுப்பிய அளவுகளை வைத்து ஓர் எண்ணெய்த்தாளில் முழு வரைபடம் போட்டார். சமையல்கட்டில் கேக் தட்டில் விரிக்கிற தாள். அதைப் பலகையில் விரித்து, கோட்டின் மேல் ஊசியால் குத்திப் புள்ளி வைக்கச் சொன்னது என்னிடம். எண்ணெய்த்தாளில் கோடு இரண்டு பக்கமும் ஒரேமாதிரி தெரியும். நான் விரித்தேன், குத்தினேன், அடுப்பில் பருப்பு கிடந்ததால் ஓடினேன். மாத்தையா என் புள்ளிகளைத் தடவித் தடவித் தண்டவாளம் பதித்தார். "முன்னால் எவ்வளவு இடம் விட்டிருக்கிறார்கள் பார்," என்று சந்தோஷப்பட்டார். "மெட்ராஸ்காரர்கள் தாராளமானவர்கள்." அந்த இடத்தில்தான் பள்ளத்தாக்கு வந்தது, தேயிலை வந்தது.

தாளைத் தலைகீழாக விரித்தது நான்.

ராமநாதன் சார் எனக்கு ஒரு வழியும் சொன்னார். "நீங்க சுவர்ப் பக்கமா போய் நின்னுண்டு போன்ல காட்டிடுங்கோ. அவருக்குப் பாலம் நன்னாத் தெரியும். மத்தது அவருக்குத் தெரியவே வேண்டாம்."

நல்ல யோசனைதான். சுவருக்கும் மேசைக்கும் நடுவில் ரயில் ஓட்டுகிறவர்கள் நிற்க இரண்டடி இடம் உண்டு. பாலம் தெரியும். அதற்கு எதிரே நின்று பார்க்கிற முகங்கள் இருக்காது. என் தப்பும் தெரியாது. சரி என்று தலையாட்டினேன். அன்று மத்தியானம் குமார் வாங்கித் தந்த சாம்பார் சாதத்தில் பாதியை வாசல் நாய்க்கு வைத்துவிட்டேன். உப்பு, காரம் எல்லாம் சரியாகத்தான் இருந்திருக்கும்.

*

இந்தக் கூட்டத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. யார் எவ்வளவு வேலை முடித்தார்கள் என்று சொல்வதற்கு முன்னால், அந்த மாதம் எதைக் கெடுத்தார்கள் என்று சொல்ல வேண்டும். முதலில் சொதப்பல், அப்புறம்தான் சாதனை. சனிக்கிழமை காலையில் பலகைகளைச் சுற்றி நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். பிளாஸ்கில் காப்பி, தட்டில் சமோசா.

"நான் பிசிக்ஸ் டீச்சர்," என்று ஃப்ளோரா டீச்சர் ஆரம்பித்தார். "பிளஸ்ஸையும் மைனஸையும் மாத்தி ஈயத்தால பத்த வச்சுட்டேன். ரெண்டு வாரம் மோட்டாரைத் திட்டினேன்."

குமார் எழுந்தார். "கால்வாய்க் கரையை மைதாப் பசைல கட்டினேன். எலி துன்னுட்ச்சி. நெசக் கால்வாய்லயும் அதான் நடக்குது, அத்தொட்டு அப்படியே விட்டுட்டேன்."

"கோபுரத்தோட நிழல் கிழக்கே விழறது," என்றார் ராமநாதன் சார், தரையைப் பார்த்தபடி. "மரத்தோட நிழல் மேற்கே விழறது. என் மயிலாப்பூர்ல ரெண்டு சூரியன்."

எல்லோரும் சிரித்தார்கள். அப்புறம் டீச்சர் என்னைப் பார்த்தார். "பாலத்துக்காக நீங்க பேசணும். அவர் என்ன வேலை முடிச்சார்னு சொல்லுங்க. சொதப்பல் வேண்டாம், அது எங்களுக்குத் தெரிஞ்சதுதானே."

"உங்களுக்குத் தெரியாது, டீச்சர்," என்றேன். எண்ணெய்த்தாள், ஊசி, பருப்பு, எல்லாவற்றையும் சொன்னேன். "அவர் கண் மேல பழி போட்டீங்க. நேத்து அதைக் கேட்டுட்டு சும்மா இருந்துட்டேன்." அப்படியே நான் கிளம்பும்போது மாத்தையா கேட்டதையும், பார்க்கிறவர்களின் முகத்தைக் காட்டச் சொன்னதையும் சொன்னேன்.

டீச்சர் சமோசாத் தட்டை என் பக்கம் நகர்த்தினார்.

"இன்னா அண்ணாத்தே," என்றார் குமார், "ஒரு பேப்பரைத் திருப்பிப் போட்டு மலையவே திருப்பிட்டியே."

டீச்சர் எழுந்து மேசைகளைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். "மேசையைச் சுவர்லேர்ந்து இழுத்து ஹாலுக்கு நடுவுல போட்டா என்ன? ஜனங்க சுத்தி வரட்டும். இந்தப் பக்கம் நம்ம ஊரு, அந்தப் பக்கம் அவர் பாலம்."

"அந்தப் பக்கம் நம்ம முதுகும்தானே தெரியும்?" என்றார் ராமநாதன் சார். அவர் குரல் மாறியிருந்தது. "பதினோரு வருஷமாப் பண்ணிண்டிருக்கோம். பின்பக்கத்தை ஒருத்தருக்கும் காட்டினதில்லே. நாடகம் பாக்க வந்தவாளை மேடைக்குப் பின்னாடி விடுவாளா?"

"எனக்குப் பின்னாடி வயரு நூடுல்ஸாட்டம் தொங்கினு கீது," என்றார் குமார். "பார்க்கட்டும் சார். நம்ம மூஞ்சே அப்படித்தான் கீது."

"அப்படின்னா என் பலகையைக் கடைசியிலே வைங்கோ. பாலத்துக்குப் பக்கத்திலே வேண்டாம்."

அது முடியாது என்றார் டீச்சர். பாலத்துக்கு மின்சாரம் அவர் பலகையிலிருந்துதான் போயாக வேண்டும். அந்த இணைப்பு வேறு எந்தப் பலகையிலும் இல்லை. ராமநாதன் சார் தன் வானத்தின் பின்பக்கம் போய் நின்று பார்த்தார். பிறகு, "சரி, கறுப்புத் துணி போட்டு மூடிக்கறேன்," என்று சொல்லி என் பக்கம் திரும்பினார். "தி.நகர் வரேளா? துணி வாங்கணும்."

ரங்கநாதன் தெருவில் கால் நம்முடையதாக இருந்தாலும் நடை நம்முடையது இல்லை. கூட்டம் எங்கே போகிறதோ அங்கே நாம் போகிறோம். தீபாவளிக்கு முந்தின நாள் ஹட்டன் டவுனில் இருக்கும் மொத்த ஜனமும் இங்கே ஒரு பாத்திரக்கடை வாசலில் நின்றது. சார் என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் தொலைந்துவிடுவேன் என்று பயமாம். அவர் உயரத்துக்கு அவரைத்தான் யாரும் கண்டுபிடிக்க முடியாது.

கறுப்புக் காடாத் துணி நாலு மீட்டர் வாங்கினோம். வெளியே வந்து காப்பி குடித்தோம். டம்ளரை உதட்டில் படாமல் தூக்கி ஊற்றிக்கொள்ளச் சொன்னார். பாதி என் சட்டையில் போயிற்று. அவர் தன் கைக்குட்டையை நீட்டினார்.

"அந்த வானம் இருக்கே," என்றார், எங்கோ பார்த்துக்கொண்டு, "அது எங்காத்துச் சமையலறை அலமாரிக் கதவு. ஆத்துக்காரி போனதுக்கப்புறம் அலமாரியைப் பிரிச்சேன். வெளிப்பக்கத்திலே வானம் வரைஞ்சேன். உள்பக்கம் அப்படியே இருக்கு."

திரும்பி வந்து மேசைகளை நகர்த்தும்போது அந்தப் பலகையின் ஒரு முனையை நான் தூக்கினேன். கதவின் உள்பக்கம் என் முகத்துக்கு நேரே வந்தது. பேனாவில் வரிசையாக எழுதியிருந்தது. சிலிண்டர் மாற்றிய நாள், தீர்ந்த நாள். நடுநடுவே, "வெள்ளி பால் வராது", "சாவி எதிர்வீட்டில்". கடைசி வரியில் சிலிண்டர் மாற்றிய நாள் இருந்தது. தீர்ந்த நாள் இல்லை.

சார் துணியை விரித்து, குண்டூசியால் நாலு மூலையும் குத்தி மூடினார். பார்க்காதே என்று அவர் சொல்லவில்லை. பார்த்தேன் என்று நானும் சொல்லவில்லை.

*

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து ஜனங்கள் நேராக ஹாலுக்கு வந்தார்கள். முன்பக்கத்தைப் பார்த்துவிட்டுச் சுற்றிப் பின்பக்கம் வந்தார்கள். குமாரின் நூடுல்ஸ் வயர்களை ஒருவர் முட்டி போட்டுப் பார்த்து, எது எங்கே போகிறது என்று கேட்டுக் கேட்டுக் குமாரின் தொண்டையை வற்ற வைத்தார். பாலத்துக்கு எதிரே எப்போதும் ஏழெட்டுப் பேர் நின்றார்கள்.

பதினொரு மணிக்கு மாத்தையாவைக் கூப்பிட்டேன். இரண்டு ஊருக்கும் ஒரே நேரம் என்பது ஒரு வசதி. வெள்ளைச் சட்டை போட்டு, தலை சீவி, போனை மூக்குக்குக் கிட்டே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பாலத்தின் பக்கவாட்டில் நின்று, பாலமும் எதிரே நிற்கிறவர்களும் ஒன்றாக விழும்படி போனைப் பிடித்தேன். டீச்சர் ரயிலைக் கிளப்பினார்.

"ஒன்றும் தெரியவில்லை," என்றார் மாத்தையா. சிங்களத்தில்தான் பேசுவார். "எல்லாம் வெள்ளையாக இருக்கிறது. பனி மாதிரி."

நகர்ந்து பார்த்தேன். போனைத் துடைத்துப் பார்த்தேன். அங்கே அவர் கண்ணைக் கசக்குவது தெரிந்தது. "என் கண்தான் போலிருக்கிறது," என்றார். "நாளைக்கு முன்னாலேயே போய்விட்டதோ என்னவோ."

டீச்சர் வந்து என் போனை எட்டிப் பார்த்தார். "அவர் கண்ணு இல்ல. எனக்கும் வெள்ளையாத்தான் தெரியுது. பாதிப் படத்துல கறுப்புத் துணி இருக்கு. போன் இருட்டுன்னு நினைச்சுக்கிட்டு வெளிச்சத்தை ஏத்துது, பாலம் வெளுத்துப் போகுது." சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். எல்லோரும் ராமநாதன் சாரைப் பார்த்தோம். நான், "பரவாயில்ல, வேற பக்கம் நின்னு பாக்கிறேன்" என்று ஆரம்பித்தேன். வேறு பக்கம் நின்றால் முகங்கள் விழாது என்பது எனக்குத் தெரியும்.

சார் குண்டூசிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். பிடுங்கியதை எல்லாம் சட்டைப் பையில் வரிசையாகக் குத்திக்கொண்டார். நாலாவது பிடுங்கியதும் துணி தானாக விழுந்தது. கதவின் உள்பக்கம் இளமஞ்சளாக இருந்தது, சமையலறை எண்ணெய் படிந்த மஞ்சள். போனில் பாலத்துக்கு நிறம் வந்தது. வளைவுகள் வந்தன. தேயிலைச் செடிகள் பச்சையாக வந்தன.

"ஆ," என்றார் மாத்தையா. "வந்துவிட்டது."

அந்த நேரம் பார்த்துத் தனம் அத்தை கூடையோடு உள்ளே வந்தார். விற்றது போக மீதி மீன் கூடையிலேயே இருந்தது. "எங்க அவன் குமாரு? இதுக்கோசரமா சவாரிய உட்டுட்டு இங்க குந்திகினு கீற?" என்று ஆரம்பித்தவர், பாலத்துக்கு எதிரே வந்ததும் நின்றார். ரயில் மயிலாப்பூரை விட்டுக் கிளம்பிப் பாலத்தில் ஏறிக்கொண்டிருந்தது. அத்தை கூடையைக் கீழே வைத்தார். இடுப்பில் கை வைத்துக் குனிந்து, கண்ணைத் தண்டவாளத்தின் உயரத்துக்குக் கொண்டுவந்தார். ஒவ்வொரு பெட்டியும் வளைவின் மேல் போகப் போக, அவர் வாய் தானாக எதையோ எண்ணிக்கொண்டிருந்தது. கடைசிப் பெட்டி தாண்டியும் அவர் நிமிரவில்லை.

"இன்னொரு வாட்டி உடு," என்றார்.

"அந்த அம்மாள் யார்?" என்று கேட்டார் மாத்தையா.

"மீன் விக்கிறவங்க."

"என்ன சொன்னார்?"

"இன்னொரு தடவை ஓட்டச் சொன்னாங்க."

மாத்தையா மூக்கை உறிஞ்சினார். ரயில் மூன்று தடவை ஓடியது. பின்பக்கம் சுற்றி வந்த ஒரு பெண், சாரின் கதவில் எழுதியிருந்ததை முழுவதும் படித்துவிட்டு, தன் வீட்டுக்காரரிடம், "நம்ம வீட்ல காலண்டர்ல எழுதறேன், நீங்க கிழிச்சுப் போட்டுடறீங்க" என்றாள். சார் பக்கத்திலேயே நின்றார். துணி தரையிலேயே கிடந்தது. அதை யாரும் எடுக்கவில்லை, அவரும் எடுக்கவில்லை.

கூட்டம் கலைந்த பிறகு போனை எடுத்துக்கொண்டு வாசல் மரத்தடிக்குப் போனேன். மாத்தையாவிடம் எண்ணெய்த்தாளைப் பற்றிச் சொன்னேன். மேசையை நகர்த்தியது, துணி வாங்கியது, எல்லாம் சொன்னேன்.

"அப்படியென்றால்," என்றார் மெதுவாக, "நீ தாளைச் சரியாக விரித்திருந்தால் எனக்கு முன்னால் நாலு அங்குலம்தான் கிடைத்திருக்குமா?"

"ஆமா, மாத்தையா."

"நாலு அங்குலத்தில் தேயிலையை எங்கே போடுவது?" இன்னும் கொஞ்சம் யோசித்தார். "மண்ணும் நீ போட்டது, இடமும் நீ போட்டது. நான் பாலம் மட்டும்தான் கட்டியிருக்கிறேன் போல."

அடுத்த மாதக் கூட்டத்துக்கும் பாலம் வேண்டும் என்று டீச்சர் கேட்டதைச் சொன்னேன். இருக்கட்டும், நீயும் கூட இரு, அவசரப்பட்டு வராதே, வந்தாலும் இரண்டு வாரம் நான் ஆஸ்பத்திரிச் சாப்பாடுதான் என்றார். இன்னும் ஏதோ சொல்ல வந்து, அந்த அம்மாளின் பெயர் என்ன என்று கேட்டார். தனம் என்றேன். இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

*

திங்கட்கிழமை காலை ஐந்தரைக்குத் தனம் அத்தை என்னை மந்தைவெளியில் ஒரு டீக்கடைக்குக் கூட்டிப்போனார். கடைக்காரர் அவருக்குத் தெரிந்தவர். டீ மாஸ்டர் தங்கை கல்யாணத்துக்கு ஊருக்குப் போயிருந்தார்; வர ஒரு மாதம் ஆகும். "சிலோன்காரரு, தேயிலையிலயே பொறந்தவரு," என்று அத்தை என்னை விற்றார். கடைக்காரர் ஒரு டீ போட்டுக் காட்டச் சொன்னார். குடித்துவிட்டு, சாயம் கூடுதல் என்றார், நாளையிலிருந்து குறைக்கச் சொன்னார். நாளையிலிருந்து என்றால் வேலை கிடைத்துவிட்டது என்று அர்த்தம். சாப்பாடும் மாடிப்படிக்குக் கீழே படுக்க இடமும்.

ஒன்பது மணிக்குக் கூட்டம் குறைந்தது. மாத்தையாவை அந்த நேரம் உள்ளே கொண்டுபோயிருப்பார்கள். பையன் வடிகட்டித் துணியிலிருந்த சக்கையைக் குப்பையில் தட்டப் போனான். தட்டாதே என்றேன். ராமநாதன் சார் மயிலாப்பூருக்கு இரண்டாவதாக ஒரு பலகை செய்யப் போகிறார். அதில் மண் வேண்டும் என்று நேற்றுக் கேட்டிருந்தார். பழைய செய்தித்தாளை மாடிப்படிக் கட்டையில் விரித்து, சக்கையை மெல்லிசாகப் பரப்பி, காற்றில் பறக்காமல் நாலு மூலையிலும் டம்ளர் வைத்தேன். விரிப்பதற்கு முன்னால் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எந்தப் பக்கமானாலும் ஒன்றுதான், இருந்தாலும் பார்த்தேன்.

பன்னிரண்டரைக்குக் கண்டியிலிருந்து செய்தி வந்தது. ஆபரேஷன் முடிந்தது, கண்ணில் கட்டுப் போட்டிருக்கிறார்கள், மூன்றாம் நாள் அவிழ்ப்பார்கள், அதுவரை ஒன்றும் சொல்ல முடியாது. படிக்கட்டுக்குப் போய்ச் சக்கையைத் தொட்டுப் பார்த்தேன். எங்கள் மலையில் அது காய மூன்று நாள் ஆகும், அதுவும் அடுப்புப் பக்கம் வைத்தால்தான். இங்கே அதற்குள் முறுமுறுவென்று காய்ந்து கிடந்தது. ஒரு கைப்பிடி அள்ளிச் சல்லடையில் போட்டேன். கடைக்காரர் உள்ளேயிருந்து, "மாஸ்டர், ரெண்டு டீ, ஒண்ணுல சக்கரை கம்மி," என்றார்.